கராச்சியும் சென்னையும்: நடுவழியில் நம் புனே

முன்னுரை

தொலைவைக் காலத்தால் அளப்பது தமிழர்க்குப் பழகிய வழக்கம். காதம், யோசனை என்னும் அளவைகள் நூல்களில் பயின்றுவரினும், ஊர்ப்புற மக்களிடையே 'நாழிகை வழி' என்றோர் அளவும் வழங்கிவந்தது. ஒரு நாழிகை என்பது இருபத்து நான்கு நிமிடம். அந்த நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவே நாழிகை வழி. அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டவனுக்கு, எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதே விடையாகக் கிடைத்தது. இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. புனேயில் வாழும் தமிழ்க் குடும்பத்தாரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டர்க் கணக்கைச் சொல்வோர் சிலரே. இரயிலில் ஓர் இரவும் அரைப் பகலும் என்றோ, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றோதான் விடை வரும்.

மண்ணின் அளவு மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலம் மாறிக்கொண்டே வருகின்றது. காலம் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நாம் பொதுவாக நம்புகின்றோம். நடையினும் குதிரை விரைவு, குதிரையினும் இரயில் விரைவு, இரயிலினும் விமானம் விரைவு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயின் வரலாறு எப்போதும் அவ்வாறு ஒரே திசையில் நடப்பதில்லை. ஒரு காலத்தில் அணுகிவந்த இரு நகரங்கள் பின்னொரு காலத்தில் விலகிப்போவதும் உண்டு. அதற்குத் தக்க சான்றாக விளங்குவது கராச்சிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வான்வழி.

புனேத் தமிழர்க்குக் கராச்சியோடு என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். நிலப்படத்தை விரித்து, கராச்சியிலிருந்து சென்னைக்கு ஓர் அடிக்கோலை வைத்துப் பார்ப்போமாயின் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். நேர்கோட்டில் இவ்விரு நகரங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். அக்கோடு நம் புனே நகரை ஒட்டியே செல்கின்றது. புனேயிலிருந்து கராச்சிக்கு ஏறத்தாழ 990 கிலோமீட்டர். சென்னைக்கு ஏறத்தாழ 910 கிலோமீட்டர். எனவே அந்த வழியின் நடுப்புள்ளியில் வாழ்பவர்கள் நாம். அவ்வழியின் வரலாற்றிலும் நம் நகருக்கு ஓர் இடம் உண்டு. அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரை வழியும் இருப்புப் பாதையும்

வானில் ஏறுமுன் நிலத்தில் சிறிது நடப்போம். மராட்டிய மண்ணுக்கும் தமிழ் மண்ணுக்கும் இடையிலான போக்குவரவு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. புனேயைத் தம் சாகீராகக் கொண்டிருந்த ஷாஜியின் மக்களுள் ஒருவரான வெங்கோஜி, 1670களில் தஞ்சையில் ஆட்சியை நிறுவினார். அவர் வழியினர் 1855 வரை அங்கு நிலைபெற்றிருந்தனர். சிவாஜியின் தென்னாட்டுப் படையெடுப்பால் 1677இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் வசமாயிற்று.

அக்காலத்தில் இவ்வழியைக் கடக்க எவ்வளவு நாளாயிற்று என்பதற்குத் தெளிவான குறிப்பு ஒன்று கிடைக்கின்றது. சிவாஜியின் இளைய மகன் இராஜாராம், முகலாயர் படைக்குத் தப்பி, 1689 செப்டம்பர் இறுதியில் பன்ஹாளாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்டார். கெளதி நாட்டு அரசி சென்னம்மாவின் துணையோடு கன்னட நாட்டைக் கடந்து, வேலூர் வழியாகச் செஞ்சியை அடைந்தபோது நவம்பர்த் தொடக்கம் ஆகிவிட்டது. பகைவருக்கு அஞ்சி விரைந்து சென்ற ஓர் அரசருக்கே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று எனில், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் சென்ற எளிய குடும்பத்தின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிலையை மாற்றியது இருப்புப் பாதை. 1858இல் புனேக்கு இரயில் வந்தது. ஆயினும் போர்க் கணவாயின் செங்குத்தான மலைப்பகுதி இடைவெளியாகவே நின்றது. பயணிகள் மலையடிவாரத்தில் இறங்கி, பல்லக்கிலோ மட்டக்குதிரையிலோ ஏறிக் கண்டாலாவை அடைந்து, மீண்டும் இரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. 1863இல் கணவாய்ப் பாதை திறக்கப்பட்ட பின்னரே பம்பாயும் புனேயும் தடையின்றி இணைந்தன. பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து சென்ற பாதையும் 1871இல் இராய்ச்சூரில் சந்தித்தன. ஒரு மாத வழி ஓரிரு நாள் வழியாகச் சுருங்கிற்று. புனேயின் படை அலுவலகங்களுக்கும், கட்கியின் வெடிமருந்துச் சாலைக்கும், கணக்கர் பணிகளுக்கும் தமிழர்கள் வந்து சேர்ந்தது இப்பாதையின் வழியேதான்.

இங்கே சுவையான செய்தி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1906க்கு முன்னர் இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம் இருந்ததில்லை. பம்பாய் நேரம் வேறு. சென்னை நேரம் வேறு. இரண்டுக்கும் இடையே அரை மணி வேறுபாடு இருந்தது. ஆனால் இரயில்கள் ஒரே நேரத்தைக் கொண்டு ஓடியாக வேண்டுமன்றோ? சென்னை வானாய்வகத்தில் கணிக்கப்பட்ட சென்னை நேரத்தையே நாட்டின் இரயில் நிறுவனங்கள் மேற்கொண்டன. ஆகவே அந்நாளில் புனேயில் இரயிலேறச் சென்ற தமிழர், ஊர்க் கடிகாரத்தை மறந்து, தம் தாய்நகரின் நேரத்தைக் கணக்கிட்டே செல்ல வேண்டியிருந்தது. 1906 சனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பம்பாய் நகரம் 1955 வரை தன் பழைய நேரத்தை முற்றிலும் கைவிடவில்லை.

கடிதம் சிறகு பெற்ற கதை

விமானம் முதலில் சுமந்தது கடிதங்களைத்தான். உலகின் முதல் அலுவல்முறை வானஞ்சல் நம் நாட்டிலேயே பறந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்கு ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி 6,500 கடிதங்களை எடுத்துச் சென்றார். தொலைவு ஏறத்தாழ ஆறு மைல். எடுத்துக்கொண்ட நேரம் பதின்மூன்று நிமிடம். அது ஒரு கண்காட்சியின் பகுதியாக நிகழ்ந்ததே ஆயினும், பின்னாளில் நிகழவிருந்தவற்றுக்கு முன்னறிவிப்பாக அமைந்தது.

பிரிட்டிஷ் அரசு தன் பேரரசை வான்வழியால் இணைக்க விரும்பியபோது, இந்தியாவின் வாயிலாக அமைந்த நகரம் கராச்சி. மேற்கிலிருந்து வரும் விமானத்துக்கு முதலில் எட்டும் பெருநகரம் அதுவே. ஆகாயக் கப்பல்களுக்கென அங்கே மாபெரும் கொட்டகை ஒன்றும் எழுப்பப்பட்டது. ஆனால் அதில் தங்க வேண்டிய 'ஆர் 101' என்னும் ஆகாயக் கப்பல், இந்தியாவை நோக்கிய தன் முதற் பயணத்திலேயே, 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சு நாட்டில் வீழ்ந்து எரிந்துபோயிற்று. விமானமே எதிர்காலத்தின் ஊர்தி என்பது அதன்பின் உறுதியாயிற்று.

அதற்கு முன்னரே, 1929 மார்ச் 30 அன்று, இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே வாரந்தோறும் செல்லும் சேவையைத் தொடங்கியிருந்தது. அப்பயணம் இன்று நாம் நினைப்பதுபோல் ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லும் பயணம் அன்று. இலண்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம்; அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை இரயில்; பின் அலெக்சாந்திரியா வரை கடலில் இறங்கவல்ல பறக்கும் படகு; எகிப்திலிருந்து பாக்தாத், பாசுரா, பாரசீக வளைகுடாக் கரை வழியாகக் கராச்சி வரை வேறொரு விமானம். இத்தனைக்கும் சேர்த்து ஏழு நாட்கள். கப்பல் வழி அஞ்சல் பம்பாய் வந்துசேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆன காலத்தில் இது பெரும் விரைவாகவே மதிக்கப்பட்டது.

ஆனால் தமிழகத்துக்கு அதனால் விளைந்த பயன் குறைவே. ஏழு நாளில் கராச்சி வந்த கடிதம், அங்கிருந்து சென்னை சேர இரயிலில் மேலும் பல நாட்கள் கழிக்க வேண்டியிருந்தது. வானில் ஈட்டிய நேரத்தை மண்ணில் இழந்த கதை அது. இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்கள் இருவர். ஒருவர் பிரிட்டிஷ் விமானப்படையின் முன்னாள் விமானி நெவில் வின்சென்ட். மற்றவர் இந்தியாவில் முதல் விமானி உரிமத்தை 1929இல் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா. இரண்டு இலட்சம் ரூபாய் முதலீட்டில் அவர்கள் தொடங்கிய சேவைக்கு அரசின் மானியம் இல்லை. சுமந்த அஞ்சலின் எடைக்கேற்ற கூலி மட்டுமே கிடைத்தது.

1932 அக்டோபர் 15 அன்று விடியற்காலையில், இலண்டனிலிருந்து வந்த அஞ்சலுடன், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியின் திரிக் சாலை விமானத் திடலிலிருந்து தனியொருவராகப் புறப்பட்டார். அவர் ஓட்டியது 'பஸ் மாத்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். மணிக்கு நூறு மைல் அளவில் பறக்கும் சிறு ஊர்தி அது. வானொலித் தொடர்பு இல்லை. வழிகாட்டும் கருவிகளும் இல்லை. கீழே தெரியும் நிலமும், கையிலிருந்த வரைபடமுமே துணை. அகமதாபாத்தில் இறங்கியபோது அவருக்கான எரிபொருள் மாட்டுவண்டியில் தகர டப்பாக்களில் வந்து சேர்ந்தது. புதுயுகத்தின் ஊர்திக்குப் பழைய யுகத்தின் ஊர்தி உணவு கொண்டுவந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னர் அவர் பம்பாயின் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து அஞ்சற் பைகளை ஏற்றுக்கொண்டு மற்றொரு பஸ் மாத் விமானத்தில் தெற்கே பறந்தவர் நெவில் வின்சென்ட். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் அவர் சென்னையை அடைந்தார்.

கராச்சி, அகமதாபாத், பம்பாய், பெல்லாரி, சென்னை என்னும் அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 1,300 மைல். காலையில் கராச்சியில் ஏறிய கடிதம் மறுநாள் சென்னையில் இறங்கிற்று. இலண்டனில் எழுதிய மடல் இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்களில் தஞ்சைக்கும் மதுரைக்கும் செல்ல வழி பிறந்தது. 1933ஆம் ஆண்டு முழுவதும் இச்சேவை 1,60,000 மைல் பறந்தது. பத்து டன்னுக்கு மேற்பட்ட அஞ்சலைச் சுமந்தது. 155 பயணிகளையும் ஏற்றிச் சென்றது. குறித்த நேரம் தவறாமைக்கு அது பெற்ற பெயர் பெரிது. 1938இல் பேரரசு வானஞ்சல் திட்டத்தின்கீழ் இவ்வழி சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

எரவாடாத் திடலில்

இனி நம் நகரின் பங்கைக் காண்போம். பம்பாயில் விமானங்கள் இறங்கிய ஜூஹுத் திடல் கடலோரச் சேற்று நிலம். கோடையில் காய்ந்து கட்டாந்தரையாக இருக்கும். மழைக் காலம் வந்தால் நீருக்குள் மூழ்கிவிடும். கடிதங்கள் மழைக்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே மழைக் காலத்தில் அச்சிறு நிறுவனம் தன் இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று எஞ்சின் பணியாளர் ஆகிய அனைத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு புனேக்கு இடம்பெயர்ந்தது. இங்கே அவர்களுக்குக் கிடைத்த விமான நிலையம், எரவாடாச் சிறையின் மதில் ஓரத்தில் இருந்த ஒரு வெற்று மைதானம். இன்று நாம் லோகேகாவ் விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அன்றாடம் கடந்துபோகும் பகுதி அது. லோகேகாவ் திடல் அமைந்தது 1939இல்தான். அதற்கு முன்னரே, கராச்சிக்கும் சென்னைக்கும் செல்லும் அஞ்சல் நம் நகரின் மண்ணைத் தொட்டுச் சென்றுவிட்டது. மேலே நாம் கண்ட நிலப்படக் கோட்டின் நடுப்புள்ளி, மழையின் கட்டாயத்தால், உண்மையான நடுநிலையமாகவே ஆயிற்று.

அம்மதிலுக்கு வேறொரு வரலாற்றுச் சிறப்பும் உண்டு. முதல் அஞ்சல் விமானம் பறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 1932 செப்டம்பர் 20 அன்று, அச்சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். 24 அன்று பூனா உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அண்ணல் அம்பேத்கர், மாளவியா முதலியோருடன் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, இராஜாஜி ஆகியோரும் அதில் ஒப்பமிட்டனர். அவ்வுடன்பாட்டுக்குப் பிரிட்டிஷ் அரசின் இசைவு இலண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது. அது தந்தி வழியாக வந்தமையால் 26 அன்றே நோன்பு முடிவுற்றது. கடித வழியாக வரவேண்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகின்றது. காலம் என்பது சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாகிவிடுகின்றது.

வானூர்திக்குப் புனே வேறு வகையிலும் துணைநின்றது. இந்திய வானிலைத் துறையின் தலைமையிடம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டது; 1944இல் தில்லிக்கு மாறும் வரை இங்கேயே இருந்தது. வானொலியும் இல்லாத விமானிக்கு மேகமும் காற்றும் பற்றிய முன்னறிவிப்பே உயிர்க்காப்பு. மேல்வளி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற கே.ஆர். இராமநாதன் அக்காலத்தில் அத்துறையில் பணியாற்றியவர், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர், சர் சி.வி. இராமனின் மாணவர். வெப்ப மண்டலத்தின் மேல்வளியில் நிலவும் வெப்பநிலை பற்றி 1929இல் அவர் வெளியிட்ட முடிவுகள் அத்துறையில் அடிப்படையானவை. மேகத்துக்கு மேலே பறக்கும் இன்றைய ஜெட் விமானங்களின் பாதை, அன்று அறிஞர்கள் பலூன்களை ஏவி அளந்தறிந்த அந்த வளிமண்டலத்தின் ஊடேதான் செல்கின்றது.

ஒரு வழி இரு நாடுகள் ஆனது

1947இல் நாடு பிரிந்தது. ஒரு நாட்டின் இரு நகரங்களாக இருந்த கராச்சியும் சென்னையும் இரு நாட்டு நகரங்களாயின. கராச்சியை விட்டு வெளியேறிய சிந்தி மக்களுள் ஒரு பகுதியினர் நம் புனேயை அடுத்த பிம்பிரியில் குடியமர்த்தப்பட்டனர். இன்று அவர்கள் நம் அண்டை வீட்டார், நம் கடைக்காரர்கள், நம் பிள்ளைகளோடு படித்தவர்கள். ஊரை விட்டு வந்த வகையில் அவர்களும் நாமும் ஒத்தவர்களே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நமக்கு விடுமுறை வந்தால் ஊருக்குச் செல்ல இரயில் உண்டு. அவர்களுடைய ஊரும் நம் ஊரைப் போலவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் இருக்கின்றது. செல்ல வழிதான் இல்லை.

பிரிவினைக்குப் பின்னரும் பம்பாய்க்கும் கராச்சிக்கும் இடையே விமானங்கள் பறந்தன. 1965இல் போர் மூண்டது. 1971 தொடக்கத்தில் வான்வழி மீண்டும் அடைபட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1976இல் திறந்தது. 2002 தொடக்கத்தில் அடைபட்டு 2004 தொடக்கத்தில் திறந்தது. 2019இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை ஏறத்தாழ ஐந்து மாதம் மூடியது. 2025 ஏப்ரல் இறுதியில் இரு நாடுகளும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை அடைத்தன. கதவைத் திறப்பதும் அடைப்பதுமாகவே இவ்வழியின் பிற்கால வரலாறு அமைந்துவிட்டது.

இவற்றுக்கிடையே ஓர் இனிய நிகழ்ச்சியும் நடந்தது. முதல் அஞ்சல் விமானத்தின் பொன்விழாவின்போது, 1982 அக்டோபர் 15 அன்று, எழுபத்தெட்டு வயதான ஜே.ஆர்.டி. டாட்டா அதே கராச்சியிலிருந்து அதே பம்பாய்க்கு 'லெப்பர்டு மாத்' என்னும் பழைய வகைச் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிவந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உள்நாட்டுப் பயணமாக இருந்தது, அன்று எல்லை கடந்த வெளிநாட்டுப் பயணமாக இருந்தது. வானமும் வழியும் பழையனவே. இடையில் ஒரு கோடு மட்டும் புதிது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இரு நகரங்களுக்கு இடையே விமானம் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தோராயமாக அறிவது எளிது. நேர்கோட்டுத் தொலைவை மணிக்கு 800 கிலோமீட்டர் என்னும் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். காற்று எதிர்த்தால் சற்றுக் கூடும். துணைநின்றால் சற்றுக் குறையும். அவ்வாறு கணித்தால் கராச்சியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. கராச்சிக் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்தங்கியது. பம்பாய் நேரத்துக்கும் சென்னை நேரத்துக்கும் முன்னாளில் இருந்த வேறுபாடும் அதே அரை மணிதான் என்பதை நினைவிற் கொள்க. அரை மணி வேறுபாடு ஒரு நாட்டை இரண்டாக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அந்த மூன்று மணிப் பயணம் ஏட்டில் உள்ள கணக்கு மட்டுமே. இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேர் விமானம் இல்லை. இசைவுச் சீட்டுக் கிடைத்த ஒருவர் கராச்சியிலிருந்து முதலில் மேற்கே துபாய்க்குச் செல்லலாம். அது ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அங்கிருந்து திரும்பிக் கிழக்கே சென்னைக்கு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். 1,900 கிலோமீட்டர் வழி 4,100 கிலோமீட்டராக நீள்கின்றது. பறக்கும் நேரமே ஆறு மணி; காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகலோ ஓர் இரவோ கழிந்துவிடும். இசைவுச் சீட்டுக்காகக் காத்திருக்கும் வாரங்களை இக்கணக்கில் சேர்க்கவில்லை. மணிக்கு நூறு மைல் சென்ற பஸ் மாத், கடிதத்தை மறுநாளே சேர்த்தது. அதைப்போல் ஐந்து மடங்கு வேகமுள்ள ஜெட் விமானமும் அதனை வெகுவாக வென்றுவிடவில்லை என்பதே நாம் காணும் முடிவு.

அந்தக் கராச்சியிலும் தமிழர் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார். பிரிட்டிஷார் காலத்தில் பிழைப்பை நாடிச் சென்ற தமிழரின் வழிவந்த குடும்பங்கள், 'மதராசிப் பாரா' என்று வழங்கும் குடியிருப்பில் வாழ்கின்றன. மாரியம்மன் வழிபாட்டை அவர்கள் விடவில்லை. அவர்களுடைய முன்னோர் புறப்பட்டபோது சென்னையும் கராச்சியும் ஒரே நாட்டில் இருந்தன. அவர்கள் எல்லை கடந்து செல்லவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து வந்தது. அதே இரயில்களில் ஏறி, நடுவழியில் புனேயில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இறுதிவரை சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வேற்றுமை அவ்வளவே.

யாழ்ப்பாணம் தரும் பாடம்

கராச்சி நமக்குச் சற்றுத் தொலைவான சான்று எனத் தோன்றினால், அண்மைச் சான்று ஒன்றையும் காண்போம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தொலைவினும் குறைவு. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதற் சேவையைத் தொடங்கியபோது, அதன் விமானம் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கே வந்தது. படிப்புக்கும் திருமணத்துக்கும் கோயில் வழிபாட்டுக்கும் இரு கரை மக்களும் போய்வந்த காலம் அது.

பின்னர் அவ்வழி நின்றது, போர் வந்தது. பல பத்தாண்டுகள், யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வர, முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, பின் வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் கொழும்புக்குச் செல்வதே பெரும்பாடாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரும் பத்து ஆண்டுகள் கழிந்தே, 2019 நவம்பர் 11 அன்று, சென்னையிலிருந்து ஒரு விமானம் பலாலியில் இறங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் அது. கடலின் அகலம் இந்த ஆண்டுகளில் ஓர் அடியேனும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முடிவுரை

இவ்விரு வரலாறுகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவை எஞ்சினின் ஆற்றல் மட்டும் குறைத்துவிடுவதில்லை. நாடுகளுக்கு இடையே நிலவும் அமைதியும், வழியைத் திறந்து வைத்திருக்கும் நல்லெண்ணமும், மழையிலும் கடிதத்தைச் சேர்த்தாக வேண்டும் என்னும் கடமையுணர்வும் அதனைக் குறைக்கின்றன. இவற்றுள் ஒன்று குன்றினும், அருகிலிருக்கும் ஊர் அயலூர் ஆகிவிடுகின்றது.

இன்று புனேத் தமிழர் வீடுகளில் பெற்றோர் இங்கிருக்க, பிள்ளைகள் அமெரிக்காவிலும் செருமனியிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். முன்னாளில் நாம் ஊரை விட்டு வந்தது போல, இன்று நம்மை விட்டு அவர்கள் செல்கின்றனர். பயண நேரம் எத்தனை மணி என்பதை விரல்நுனியில் வைத்திருக்கின்றோம். அந்த மணிக்கணக்கு என்றும் நிலையானது என்று எண்ணிவிடலாகாது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் விமானங்கள் நின்றபோது, எத்தனையோ குடும்பங்கள் தம் மக்களைக் காண இயலாமல் மாதக்கணக்கில் தவித்ததை நாம் கண்டோம். வழி திறந்திருக்கும்போதே போய்வருதல் நன்று. முதியோரைக் காண்பதைத் தள்ளிப்போடாதிருத்தல் நன்று.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. நம் வீடுகளில் பழைய பெட்டிகளின் அடியில் தாத்தா பாட்டியரின் கடிதங்கள் கிடக்கின்றன. அவ்வுறைகளிற் பலவற்றில் இரண்டு அஞ்சல் முத்திரைகள் இருப்பதைக் காணலாம். ஒன்று கடிதம் புறப்பட்ட ஊரும் நாளும். மற்றொன்று அது வந்துசேர்ந்த ஊரும் நாளும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணினால், கும்பகோணமோ திருநெல்வேலியோ அந்நாளில் புனேக்கு எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். எந்த நிலப்படமும் காட்டாத அளவு அது. உறைகளைக் குப்பையில் இடாமல் காப்போம். முதியோர் ஊரிலிருந்து வந்த வழியையும், இரயில் மாறிய நிலையங்களையும், கழிந்த நாட்களையும் அவர்களைக் கேட்டே எழுதிவைப்போம். அவ்வேலையை அவர்கள் நம்முடன் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.